முழுங்குற மாத்திரை இல்ல

அய்யய்யோ, அத முழுங்கிடாதீங்க. கையிலயே வெச்சிருங்க. அது முழுங்குற மாத்திரை இல்லங்க. ஒட்டுற மாத்திரை.

நிஜமாத்தான் சொல்றேன். உங்களுக்குக் கட்டி எந்த எடத்துல தட்டுப்படுதோ, அதுக்கு நேர் மேல, தோல்ல வெச்சு பிளாஸ்திரி போட்டு ஒட்டிடுவாங்க. உள்ள இருக்கறது வெறும் மீன் எண்ணெய். படத்துல அது மட்டும் பளிச்சுனு வெள்ளையாத் தெரியும். இந்தம்மா கட்டின்னு சொல்ற எடம் இதுதான்னு டாக்டர் பாத்ததும் புரிஞ்சுக்கலாம். வீட்டத் தேடி வர்றவங்களுக்கு அடையாளம் தெரியணும்னு வாசல்ல லைட்டு போட்டு வெக்கிறோம்ல, அந்த மாதிரி.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் முழுங்கிட்டேன்ல.

சிரிங்க, பரவால்ல. என் தங்கச்சியும் சிரிச்சா. அந்த மெஷின் ஓட்டுற பொண்ணு சின்னக் கிண்ணத்துல இதப் போட்டுக் குடுத்து, வெச்சிக்கோங்கம்மா வந்துடறேன்னு சொல்லிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரில கையில மாத்திரை குடுத்தா நாம என்ன பண்ணுவோம், சொல்லுங்க. அதோ அந்தக் கேன்லேருந்து தண்ணியப் புடிச்சேன், வாயில போட்டேன், முடிஞ்சுது. அந்தப் பொண்ணு பிளாஸ்திரியோட திரும்பி வந்து, மாத்திரை எங்கம்மான்னு கேட்டுச்சு. சாப்பிட்டேன்மான்னேன். அது என்னைப் பாக்க, நான் அதப் பாக்க, என் தங்கச்சி நீங்க உக்காந்திருக்கிற இதே எடத்துல உக்காந்து வயித்தப் புடிச்சிக்கிட்டா. அக்கா, இப்போ உன்னைப் படம் எடுத்தா வயித்துலதான்டி லைட்டு எரியும், டாக்டர் கட்டி அங்கதான் இருக்குன்னு நினைச்சுக்குவாருன்னு. அப்புறம் அந்தப் பொண்ணு வேற ஒண்ணு கொண்டாந்து, என் கையில குடுக்காம அதுவே ஒட்டுச்சு.

உங்களுக்கும் வந்து ஒட்டும். நீங்க கவுனத் திருப்பிப் போட்டிருக்கீங்க. முடிச்சு முன்னாடி வரணும். நம்ம விஷயமே முன்னாடிதானே. மாத்திக்குங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

எனக்கு எல்லாம் முடிஞ்சுதுங்க. துணி கூட மாத்திட்டேன். இந்தப் பட்டன்தான். ஊசி குத்துன கையாச்சே, வெரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. வேணாம் வேணாம், நீங்க உக்காருங்க. நானே மெதுவாப் போட்டுக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்ல.

ரிசல்ட்டா? சொன்னாங்க. உள்ள கூப்பிட்டே சொன்னாங்க. சொல்றேன், இருங்க. மொதல்ல உங்களோடதக் கேப்போம். யாரு கூட வந்திருக்கா? யாரும் இல்லையா? தனியாவா வந்தீங்க? வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?

பல்லு டாக்டரா.

நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. திரும்பிப் போனதும் வாயத் தொறந்து காட்டச் சொன்னா என்ன பண்ணுவீங்க? இல்ல, கிண்டல் பண்ணல. தனியா வந்தது நல்லதுங்க. எல்லாரும் துணைக்கு ஆள் வேணும்பாங்க. நான் சொல்றேன், தனியா வர்றதுதான் நல்லது.

ஏன்னா, இவங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. இந்த ஆஸ்பத்திரில மட்டும் இல்ல, நான் பாத்த எல்லா எடத்துலயும் இருக்கு. நல்ல சேதின்னா நம்மகிட்டயே நேரா சொல்லிடுவாங்க. வேற மாதிரின்னா, கூட வந்தவங்க யாருன்னு கேப்பாங்க. நம்மள வெளில உக்காரச் சொல்லிட்டு கூட வந்தவங்கள உள்ள கூப்பிட்டுப் பேசுவாங்க. அவங்க வெளில வந்து ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டு மூக்கத் தொடைப்பாங்க. தனியா வந்தா அந்தக் கதையெல்லாம் இல்ல பாருங்க. எதுவா இருந்தாலும் உங்ககிட்டயேதான் சொல்லியாகணும்.

எங்க அம்மாவுக்கு அப்படித்தான். கூட வந்தவங்க யாருன்னாங்க, நான்தான் உள்ள போனேன். அப்பாவுக்கு இந்தப் பேச்சக் கேட்டாலே வெக்கம். எனக்கு அப்போ கல்யாணங்கூட ஆகல. தங்கச்சி பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா.

அம்மா சொன்னதே ரொம்ப நாள் கழிச்சுதாங்க. அதுவும் என்ன சொன்னாங்க தெரியுமா? நெஞ்சுல ஏதோ பண்ணுதுன்னாங்க. நெஞ்சுன்னா அப்பா என்ன நினைப்பாரு? வாயுவா இருக்கும், வெந்நி குடின்னாரு. வெந்நி குடிச்சாங்க. சரியாகலன்னு நெஞ்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. அவரு ஒயரெல்லாம் மாட்டிப் பாத்துட்டு, உங்களுக்கு இதயம் கல்லு மாதிரி இருக்குதும்மா, போயிட்டு வாங்கன்னு அனுப்பி வெச்சிட்டாரு. அப்பா சந்தோஷமா வழியில பழம் வாங்கிட்டு வந்தாரு. அம்மாவும் அந்தப் பழத்தச் சாப்பிட்டாங்க. நெஞ்சு இல்ல, அதுக்கு மேல, இந்தப் பக்கம்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரல. சரியான வார்த்தைய மட்டும் சொல்லியிருந்தாங்கன்னா. விடுங்க.

நீங்க எப்படிச் சொன்னீங்க? டாக்டர்கிட்ட சொன்னதத்தான் கேக்குறேன். அங்கன்னா சொன்னீங்க? பாத்தீங்களா. நானும் அங்கன்னுதான் சொன்னேன். எங்கேம்மான்னு கேட்டாங்க. அங்கதான் டாக்டர்னேன். நாள் முழுக்க போன்ல பேசுறதுதான் என் வேலை, எனக்கே அந்த வார்த்தை வரல.

தண்ணி ஆபீஸ்லங்க. குழால தண்ணி வரல, குழா ஒடஞ்சிடுச்சு, சாக்கடைத் தண்ணி கலந்து வருதுன்னு ஊரே போன் பண்ணித் திட்டும்ல, அந்தப் போன எடுக்கறவ நான்தான். பதிஞ்சுக்கிட்டேன்ங்க, ஆள் வருவாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க. தூக்கத்துல கூட இதத்தான் சொல்றேனாம், வீட்டுக்காரர் சொல்றாரு. அந்த வேலைல ஒண்ணு கத்துக்கலாம். சின்னக் கசிவுன்னா நாங்க சத்தமா, வெரட்டுற மாதிரி பேசுவோம். ஒண்ணும் இல்ல சார், வாஷர் போயிருக்கும், மாத்திடுவாங்கன்னு. பெரிய கொழாயே வெடிச்சிருக்கு, நாலு தெருவுக்குத் தண்ணி கெடையாதுன்னு தெரிஞ்சா எங்க கொரல் தானா எறங்கிடும். ரொம்ப மரியாதையா, ரொம்ப மெதுவா, பாத்துக்கலாம்ங்க, நீங்க கவலப்படாதீங்கன்னு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மெதுவாப் பேசினா பக்கத்து சீட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்க, எங்க வெடிச்சிருக்குன்னு.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதா? பஸ்ல நின்னுட்டு வந்தேன். தோள்ல பை. பையோட வாரு குறுக்க அழுத்துற எடத்துல சுருக்குனு. வீட்டுக்கு வந்து தொட்டுப் பாத்தா கோலிக்குண்டு மாதிரி உருளுது. ரெண்டு தட்டுக்கு நடுவுல வெச்சு நசுக்கி ஒரு படம் எடுப்பாங்களே, உங்களுக்கும் எடுத்தாங்கதானே? அதான். உயிர் போய் உயிர் வந்துச்சு, அப்புறம் பாத்தா படத்துல ஒண்ணுமே தெரியலன்னுட்டாங்க. எனக்குச் சதை கெட்டியாம், படம் முழுக்க வெள்ளையா இருக்குது, வெள்ளைக்குள்ள வெள்ளையத் தேட முடியாதுன்னாங்க. ஜெல்லு தடவிப் பாக்குற ஸ்கேன்லயும் இதா அதான்னு இழுத்தாங்க. அதனாலதான் இந்தப் பெரிய மெஷின்.

பயப்படாதீங்க. வலிக்காது. குப்புறப் படுக்கணும், அவ்வளவுதான். மேசையில ரெண்டு குழி இருக்கும். அதுல அது ரெண்டும் தொங்கணும். வெக்கமாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பொண்ணு மூட்டை தூக்கி வெக்கிற மாதிரி எடுத்து சரியா வெச்சிட்டுப் போயிடும், நம்ம மூஞ்சியக் கூடப் பாக்காது. நெத்திக்கு ஒரு தலகாணி, கை ரெண்டும் முன்னாடி நீட்டிக்கணும். காதுக்குப் பஞ்சு குடுப்பாங்க. கையில ஒரு ரப்பர் உருண்டை குடுப்பாங்க, முடியலன்னா அமுக்கணும், ஓடி வந்துடுவாங்க. நான் பயத்துல மொதல்லயே அமுக்கிட்டேன்.

சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்து வீட்ல செவுத்த ஒடைக்கிற மாதிரி. நடுவுல ஊசி வழியா மருந்து ஏத்துவாங்க, கையில ஜில்லுனு மேல ஏறும். ஏறட்டும். நீங்க அசையக்கூடாது. அதான் முக்கியம். மருந்துக்கு முன்னாடி எடுத்த படமும், பின்னாடி எடுத்த படமும் அச்சா ஒரே எடத்துல உக்காரணுமாம். கெட்ட கட்டின்னா அதுக்கு ரத்தம் நெறைய ஓடும், அதனால மருந்த சட்டுனு குடிச்சு பளபளன்னு காட்டும், சட்டுனு விட்டுடும். சாதாக் கட்டின்னா மெதுவா எடுத்துக்கும், இல்ல எடுத்துக்கவே எடுத்துக்காது. அந்தப் பொண்ணுதான் வெவரமாச் சொல்லுச்சு. அவசரப்பட்டு வாங்கி அவசரப்பட்டு விடுறது எங்க வாலு மாதிரின்னு நான் கூடச் சொன்னேன்.

வாலுதான் என் தங்கச்சி. அவளுக்குப் பேரு வேற இருக்குது, யாரும் கூப்பிடறதில்ல. சேட்டை பண்றதால ஒரு வாலு, நான் எங்க போனாலும் பின்னாடியே வர்றதால இன்னொரு வாலு. அம்மா போனப்பறம் தலை பின்னி விடறது, பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் போட்டு விடறது எல்லாம் நான்தான். நின்ன எடத்துல நிக்க மாட்டா. ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவுல வாசலுக்கு ஓடிடுவா, சட்டையப் புடிச்சிக்கிட்டு நானும் ஓடணும். இப்போ கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறா. டிரைவிங் ஸ்கூல்ல இவதான் ஸ்ட்ரிக்ட்டு. கத்துக்க வந்த ஒருத்தரத்தான் கட்டிக்கிட்டா, பாவம், இன்னும் அந்த மனுஷனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. வீட்ல சோபாவுல உக்காந்து டீவி பாக்கும்போது கூட அவ காலு பிரேக்க அமுக்கிட்டே இருக்கும்.

இருங்க. கதவத் தட்டுறா.

வரேன்டி. பட்டன் போட்டுட்டு வரேன். நீ அங்கயே உக்காரு.

அவதான். பொறுமைன்னா என்ன வெலன்னு கேப்பா.

வெளிலதான் இருக்கா. என் மோதிரம், சங்கிலி, செருப்பு, எல்லாத்தையும் மடியில வெச்சிக்கிட்டு. உள்ள இரும்பு ஆகாதுன்னு சொல்லிட்டாங்கல்ல, இவதான் என்னை அக்கு அக்காத் தேடிப் பாத்தா. எங்கெங்கயோ ஊக்கு குத்தி வெச்சிருக்கேன், எனக்கே மறந்து போச்சு. ஏன்டி, நீ என்ன பொம்பளையா, ஊக்குக் கடையான்னா. மோதிரம் வரல, சோப்பு போட்டு உருவுனா. வெரல் வீங்குற அளவுக்கு என்னடி சாப்பிடறேன்னு திட்டிக்கிட்டே உருவுனா.

என் வீட்டுக்காரருக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும். அவரக் கூட்டிட்டு வந்தா அவருக்கு ஒரு கட்டில் போடணும். அதனாலதான் வாலுகிட்டச் சொன்னேன். சும்மா கூட வாடின்னுதான் சொன்னேன். கூட வாடி, அவ்வளவுதான். நீங்க பல்லு டாக்டர்னு சொன்ன மாதிரி நானும் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பல்லு டாக்டர்னா அப்படி ஒரு பயம், வந்திருக்கவே மாட்டா.

போன தடவ டாக்டரம்மாவப் பாக்க வந்தப்போ இவளும் உள்ள வந்தா. வெளில உக்காருடின்னா கேக்கணுமே. டாக்டரம்மா அம்மாவப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன். அம்மா கூடப் பொறந்தவங்க யாருக்காவதுன்னாங்க. பெரியம்மாவுக்குன்னேன். அப்படியே நிமிந்து இவளப் பாத்தாங்க. இவங்க உங்களுக்கு யாருன்னாங்க. தங்கச்சின்னேன். அப்போ இவங்களுக்கும் ஒருதடவ பாத்துடலாமே, ரத்த சம்பந்தம் இருக்குதில்லன்னாங்க. எனக்கு வேணாம், எனக்கு ஒரு கட்டியும் இல்ல, நான் துணைக்கு வந்தவன்னா வாலு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தா. நான் எப்படி இருந்தேனோ தெரியல. சரி, இவ தனியாப் படுக்க பயப்படுவா, நானும் படுக்கறேன், ஒரே மேசையில நாலு குழி போட்ட மாடல் இருக்கான்னு கேட்டா. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. சிரிக்காத டாக்டருங்க, அவங்களையே சிரிக்க வெச்சிட்டா.

ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எழுதுனாங்க. இந்தப் படத்துக்கு மாசக் கணக்கு பாப்பாங்க, உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்களே. எங்க ரெண்டு பேருக்கும் சின்ன வயசுலேருந்தே தேதி கூடவே வரும். அதுலயும் வாலுதான்.

மொதல்ல அவதான் போனா. நான் போய்ப் படுத்துப் பாத்துட்டு வரேன், கடிக்குதா இல்லையான்னு வந்து சொல்றேன்னா. அவளுக்கு மாத்திரை ஒட்டல. ஒட்டறதுக்கு அவளுக்குத்தான் எதுவும் தட்டுப்படலையே. எனக்கு மட்டும் ரெண்டு மாத்திரை, உனக்கு ஒண்ணு கூட இல்லடின்னு நான் கூட எகத்தாளம் பண்ணேன். வெளில வரும்போது நெத்தியில தலகாணி அச்சு, கன்னத்துல கோடு. ஒண்ணும் இல்லக்கா, நல்லாத் தூங்குனேன், ரோடு போடற சத்தத்துல எனக்குத் தூக்கம் நல்லா வரும்னா. அதக் கேட்டுட்டுதான் நான் தைரியமாப் போனேன். இல்லன்னா அந்த மெஷினப் பாத்ததும் திரும்பி ஓடியிருப்பேன்.

நான் முடிச்சிட்டு இங்க வந்து உக்காந்தேன், கவுனோடயே. வாலு வெளில போய் எனக்குச் சூடாக் குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரேன்னு போனா. அப்போதான் அந்தப் பொண்ணு வந்து டாக்டரம்மா கூப்பிடுறாங்கன்னுச்சு. என்னையான்னேன். உங்களத்தாம்மான்னுச்சு.

எனக்கு உசுரே வந்துச்சுங்க. என்னையே கூப்பிடுறாங்கல்ல. கூட வந்தவங்களக் கேக்கலையே. அப்போ நல்ல சேதிதான்னு. கவுன இப்படிப் புடிச்சிக்கிட்டு, செருப்பு கூட இல்லாம போனேன். தரை ஜில்லுனு இருந்துச்சு.

உள்ள ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணுல என் படம். உக்காருங்கம்மான்னாங்க. இதப் பாருங்க, இங்க பளிச்சுனு தெரியுதில்ல, இதுதான் உங்க மாத்திரைன்னாங்க. தோலுக்கு மேல, வெளில, பொட்டு வெச்ச மாதிரி. அதுக்குக் கீழ உருண்டையா ஒண்ணு, கறுப்பா. மருந்தே எடுத்துக்கல பாருங்க, இது வெறும் தண்ணிக் கட்டி, தொந்தரவு பண்ணா ஊசில உறிஞ்சிடலாம், இல்லன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும், ஒண்ணும் இல்ல, போங்கன்னாங்க. நல்லா சத்தமா சொன்னாங்க. வெரட்டுற மாதிரி.

ஆமாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

சந்தோஷம்தான். நீங்க சொல்றது சரிதான், இருக்கணும். நான் எழுந்துட்டேன், கும்பிட்டுட்டேன் கூட. அப்போ டாக்டரம்மா கொஞ்சம் உக்காருங்கன்னாங்க. மெதுவா. ரொம்ப மெதுவா. தண்ணி வேணுமான்னாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. அந்தக் கொரல் நான் நாள் முழுக்கப் பேசற கொரல்ங்க. எனக்குத் தெரியாதா?

உங்க தங்கச்சி கூட வந்தவங்க நீங்கதானேன்னு கேட்டாங்க.

இல்ல டாக்டர், அவதான் என் கூட வந்தான்னேன். டாக்டரம்மா அந்த இன்னொரு கம்ப்யூட்டர என் பக்கமாத் திருப்புனாங்க. எனக்குப் படம் பாக்கவெல்லாம் தெரியாது, ஆனா இப்போதானே பாத்திருக்கேன், மாத்திரைன்னா எப்படி இருக்கும்னு. அதே மாதிரி பளிச்சுனு ஒண்ணு. அக்குள் பக்கம் சின்னதா இன்னொண்ணு. நான் கேட்டேன், இவளுக்கும் மாத்திரை ஒட்டுனீங்களா டாக்டர், ஒட்டலைன்னாளேன்னு.

ஒட்டலம்மான்னாங்க.

இல்ல, முடிவா எதுவும் சொல்லல. ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், இந்தப் படத்த மட்டும் வெச்சு சொல்லக்கூடாதுன்னாங்க. கைக்குத் தட்டுப்படாத எடத்துல ஆழமா இருக்குதாம். நீங்க கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு, இல்லன்னா தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. பாத்துக்கலாம்ங்க, நீங்க கவலப்படாதீங்கன்னாங்க. அச்சு நான் சொல்ற மாதிரியே. அவங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க, நீங்கதானே பெரியவங்கன்னாங்க. பதிஞ்சுக்கிட்டேன்ங்கன்னு சொன்னேன். வாயில அதுதான் வந்துச்சு.

அழுகையெல்லாம் வரலங்க. இங்க வந்து துணி மாத்திக்கிட்டு உக்காந்தேன். நீங்க வந்தீங்க, கையில மாத்திரைய வெச்சிக்கிட்டு. அதான் பேசிட்டே இருக்கேன். உங்களுக்கு வேற பயத்தக் கெளப்பி விட்டுட்டேனோ என்னவோ. உங்களுக்கு ஒண்ணும் இருக்காது. கைக்குத் தட்டுப்படுறதெல்லாம் கெட்டதுன்னு இல்லன்னு என்னைப் பாத்தே தெரியுதில்ல.

திரும்பத் தட்டுறா.

என்னடி? ஆமா, டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ஆமா, சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லடி. தண்ணிக் கட்டிதானாம். நிஜமாத்தான்டி. உன் மேல சத்தியமாலாம் சொல்ல மாட்டேன், போடி. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வரேன், இரு.

கேக்குதா? அழுறா. வாங்கிட்டு வந்ததக் கீழ கொட்டிட்டா போல, யார்கிட்டயோ மன்னிச்சுக்குங்க, எங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்லையாம்னு சொல்றா பாருங்க. தெரியாத ஆள்கிட்ட. இவ்வளவு கேட்டாளே, அவளோட படத்தப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாளா? அவளும் போய்ப் படுத்துட்டு வந்தாங்கறதே அவளுக்கு ஞாபகம் இல்ல.

உங்களக் கூப்பிட வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி, இந்தப் பட்டன மட்டும் கொஞ்சம் போட்டு விடுறீங்களா? நான் இப்படியே வெளில போனா அவ போட்டு விட வந்துடுவா.